பட்டனை மட்டும்தான் அழுத்தினேன்

பேட்டரி மேசை மேல் இருந்தது. வண்டி நான்கடி தள்ளி நடு ஸ்டாண்டில் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வயர்கூடக் கிடையாது. ஆனாலும் வண்டியின் சீட்டுக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

மெக்கானிக் கை துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றான். மழை பிடித்துக்கொண்ட மதியம்; கடைக்குள் பெட்ரோல் வாசனையும் நனைந்த சாக்கின் வாசனையும் கலந்து கிடக்க, தகரக் கூரையில் தூறல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது; அந்த இரைச்சலுக்குள் எலி ஓடியிருக்கலாம், கூரை ஆணி நெளிந்திருக்கலாம், ஸ்பேனர் ஏதாவது சரிந்திருக்கலாம் என்று அவன் மனசு வரிசையாகக் காரணம் தேடியது. ஒன்றும் ஒட்டவில்லை. இருபது வருஷமாகத் தினமும் கேட்கிற சத்தம் அது. ஸ்டார்ட்டர் ரிலேயின் சத்தம்.

பட்டனை அழுத்தினால் தங்கள் கட்டைவிரலே என்ஜினைச் சுற்றிவிடுவதாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நினைப்பு. கட்டைவிரல் செய்வது வெறும் சிபாரிசு. அது அனுப்புகிற கொஞ்சூண்டு மின்சாரம், கிளட்ச் லீவருக்கு அடியில் ஒளிந்திருக்கும் சுண்டுவிரல் நகமளவு ஸ்விட்சைத் தாண்டிப் போய் ரிலேயைத் தட்டி எழுப்ப வேண்டும். ரிலே கதவைத் திறந்துவிட்டால்தான் பேட்டரியின் முழுப் பலமும் தடித்த வயர் வழியாக மோட்டாருக்குள் பாயும். மோட்டார் என்ஜினைச் சுற்றிவிடும். என்ஜின் பிடித்துக்கொண்டதும் மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும். வண்டி கியரில் கிடக்கும்போது கிளட்சைப் பிடிக்காமல் பட்டனை அழுத்தினால் அந்தக் குட்டி ஸ்விட்ச் வழிவிடாது. வழிவிட்டால், மோட்டார் என்ஜினோடு சேர்த்துப் பின் சக்கரத்தையும் சுற்றும். நிற்கிற வண்டி முன்னால் பாயும்.

இதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். தெரிந்துதான் செய்தான்.

வண்டி எதிர்க்கடைத் தையல்காரருடையது. "உன் கடைக்கு வந்தா வண்டி சரியாகுதோ இல்லையோ, சட்டையில எண்ணெய் நிச்சயம். அதனாலதான் எனக்குத் தொழில் ஓடுது" என்று சிரிக்கிற மனுஷன். கிளட்ச் ஸ்விட்ச் போய்விட்டது என்று கொண்டுவந்தார். புது ஸ்விட்ச் கைவசம் இல்லை. அவருக்கோ அவசரம். மெக்கானிக் ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினான். ஐந்து நிமிஷ வேலை.

"இப்போதைக்கு ஓட்டுங்கண்ணே. பார்ட் வந்ததும் மாத்திடலாம்."

கியரில் வைத்துப் பட்டனைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த வாரமே பார்ட் வந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் அது இழுப்பறையில் கிடந்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் தையல்காரர் வீட்டு வாசலில் குனிந்து கேட்டின் கீழ்த் தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வண்டி கேட்டைப் பார்த்து நின்றது. கல்லூரிக்குக் கிளம்பிய மகள், அப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். வண்டி கியரில் கிடந்தது. பாய்ந்தது. பயத்தில் அவள் இறுக்கிப் பிடித்தது ஆக்ஸிலேட்டரை. கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் அவர் தலை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து இந்தக் கடையில்தான் விட்டார்கள். மறுநாள் அதிகாரி வந்து சோதிப்பார் என்றார்கள். அன்று சாயங்காலமே அவன் இழுப்பறையைத் திறந்தான். முறுக்கிய வயரைப் பிரித்துப் புது ஸ்விட்சைப் பொருத்தினான். பழைய டேப் சாக்கடையில் போனது. அதிகாரி அழுத்திப் பார்த்தார், ஸ்விட்ச் சரியாக வேலை செய்தது. அப்படியானால் பெண் கிளட்சைப் பிடித்து ஸ்டார்ட் செய்து, சட்டென்று விட்டிருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"நான் கிளட்சைத் தொடவே இல்லை. பட்டனை மட்டும்தான் அழுத்தினேன்" என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அது உண்மை என்று உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

மறுபடியும் 'டக்'.

சீட்டைத் தூக்கி, பயந்து பயந்து ரிலே மேல் விரலை வைத்தான். இப்போதுதான் யாரோ ஸ்டார்ட் செய்த மாதிரி இளஞ்சூடு.

"தம்பி, இருக்கீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. வாசலில் தையல்காரரின் மனைவி குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். பின்னால் மகள். அந்தப் பெண் பாதியாக இளைத்திருந்தாள். அவளுடைய வலது கட்டைவிரல் மட்டும் ஓயாமல் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது.

"வாங்கண்ணி."

"உங்களால ஒரு உதவி ஆகணும் தம்பி. மூணு வாரமா இவளுக்கு இதே பேச்சு. தூங்கறதில்லை. அதிகாரி சொன்னதையும் நம்ப மாட்டேங்கிறா. சித்தப்பா நீங்க சொன்னா நம்புறேன்னு ஒத்துக்கிட்டா. கிளட்ச் பிடிக்காம இந்த வண்டி கிளம்பாதுன்னு நீங்களே செஞ்சு காட்டிடுங்க. அழுது தீர்த்துட்டு அவ மனசு ஒரு முடிவுக்கு வரட்டும்."

இப்போது சொல்லலாம். நான்தான் அண்ணி, வயரை நான்தான் முறுக்கினேன். இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். அடுத்த நிமிஷமே போலீஸ், பூட்டிய கடை, தெருவே காறித் துப்புவது எல்லாம் கண்ணில் வந்து நின்றன. அவன் கை தானாகப் போய் பேட்டரியை எடுத்தது.

இணைப்புகளை முடுக்கும்போது ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. முதல் கியரைப் போட்டான்.

"உக்காரும்மா. கிளட்சைத் தொடாதே. பட்டனை மட்டும் அழுத்து."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கட்டைவிரல் பட்டனைத் தேடி அலையவில்லை. இத்தனை நாளும் அதன் மேலேயே இருந்த மாதிரி போய் அமர்ந்தது. அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஸ்விட்ச் சரியாகத்தான் தடுத்தது. அவன் அடக்கியிருந்த மூச்சை விட்டான்.

பிறகு கேட்டது.

கிர்ர்ர் என்று மோட்டார் முனகும் சத்தம். தரையிலிருந்து அரை விரல்கடை உயர்ந்து நின்ற பின் சக்கரம் மெதுவாக நகர்ந்தது. ஒரு சுற்று. இன்னொன்று. சுழலும் காற்றில் அவன் கையிலிருந்த துணி ஆடியது.

"நிக்குதே" என்றாள் தாய், அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு. "பார்த்தியா? அசையக்கூட இல்லை."

மகளும் குனிந்து பார்த்தாள். அவள் கண் ஒரே இடத்தில் நின்றது. சுழல்கிற எதையும் பார்க்கிற கண் இல்லை அது.

அவனுக்கு மட்டும்தான் அது சுற்றியது.

பெட்ரோல் வாசனைக்கு மேலே வேறொரு வாசனை வந்தது. தையல் மிஷின் எண்ணெய். புதுத்துணிக் கஞ்சி. அவன் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

முன் சக்கரத்துக்கு எதிரே ஒரு முதுகு குனிந்திருந்தது. கழுத்தில் போட்டிருந்த அளவு டேப்பின் இரண்டு நுனியும் தரையில் தொங்கின. கைகள் சிமெண்டைத் தடவிக்கொண்டிருந்தன. இல்லாத தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தன.

"சித்தப்பா."

அந்தப் பெண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் கிளட்சைப் பிடிச்சுத்தான் விட்டிருக்கேன், இல்லையா? எனக்குத்தான் ஞாபகம் இல்லை. அவ்வளவுதானே?"

தரையைத் தடவிய கைகள் நின்றன. முதுகு அசையவில்லை. அதுவும் பதிலுக்காகக் காத்திருந்தது.

உண்மை தொண்டைவரை வந்தது. வாய்க்குள் வந்துவிட்டது. அதன் கசப்புகூடத் தெரிந்தது.

"ஆமா கண்ணு" என்றான். "அப்படித்தான் இருக்கும்."

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், கடையில் விலை கேட்டவர்கள் ஆட்டுகிற மாதிரி. வண்டியிலிருந்து இறங்கினாள். அழுத்திக்கொண்டே இருந்த கட்டைவிரல் ஓய்ந்துபோயிருந்தது.

"ரொம்ப நன்றி தம்பி. உங்களைத் தெய்வமா நினைச்சுக்கிறேன்" என்றாள் தாய்.

குடை விரிந்தது. குனிந்திருந்த முதுகை ஒட்டியே இருவரும் நடந்து போனார்கள். மகளின் துப்பட்டா நுனி அந்தத் தோள் வழியாகப் போய் வந்தது. மழைக்குள் இரண்டு உருவமும் சின்னதாகிக்கொண்டே போயின.

அவர்களோடு போய்விடுவார் என்று அவன் நினைத்தான். பெண்டாட்டி பின்னால், பெற்ற மகள் பின்னால். போகத்தானே வேண்டும்.

தையல்காரர் நிமிர்ந்தார்.

போகவில்லை.

திரும்பினார். முகம் இருக்க வேண்டிய இடத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவருடைய சட்டைப் பொத்தான்களையே பார்த்தான். மூன்றாவது பொத்தான் பிய்ந்திருந்தது.

"அண்ணே" என்றான்.

கழுத்திலிருந்து டேப்பை உருவினார். கிட்டே வந்தார். முதலில் தோள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஜில்லென்ற விரல்கள். பிறகு கை நீளம். பிறகு மார்பு. அளவெடுக்கும்போது வழக்கமாகச் செய்வது போலவே, மூச்சை விடு என்று விலாவில் லேசாகத் தட்டினார்.

பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தெருக்கோடியில் குடை மறைந்தது.

அளவு முடிந்துவிட்டது. சட்டைக்கு இவ்வளவு போதும்.

அவர் டேப்பின் நுனியை அவன் உச்சந்தலையில் வைத்து முதுகோடு கீழே இறக்கினார். அறுபது அங்குலமும் கணுக்காலுக்கு மேலேயே தீர்ந்துபோனது. தையல்காரர் மண்டியிட்டு, அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் குறித்துக்கொண்டு, குதிகால்வரை மீதியையும் அளந்தார்.