குண்டு ள செய்த கூத்து

வில்லியனூர் கடைத்தெருவில் இன்னாசிமுத்துவின் கடையைத் தெரியாதவர் கிடையாது. வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் 'வெலோ கடை' என்று எழுதியிருக்கும். வெலோ என்றால் பிரெஞ்சு மொழியில் சைக்கிள். அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். அவர்களுக்கும் புரியட்டுமே என்று இன்னாசிமுத்து அப்படி எழுதி வைத்தார். ஆனால் இதுவரை ஒரு பிரெஞ்சுக்காரர்கூட அங்கே காற்றடிக்க வந்ததில்லை. ஊர்க்காரர்களுக்கோ அது எப்போதும் சைக்கிள் கடைதான்.

அந்தக் கடைக்கு ஒரு செய்தித்தாள் இருந்தது. அதன் ஆசிரியருக்கு வயது பத்து. பெயர் ரோசம்மாள். இன்னாசிமுத்துவின் ஒரே மகள்.

செய்தித்தாள் என்றால் காகிதம் இல்லை, பலகை. கடையைச் சாத்தும் பலகைகளில் ஒன்று விரிசல் விட்டுப்போனதால் அப்பா அதை விறகுக்குப் போடப் பார்த்தார். ரோசம்மாள் விடவில்லை. கரியையும் கோவை இலைச் சாற்றையும் பூசிக் கறுப்பாக்கி, வாசலில் சாய்த்து வைத்தாள். காற்றடிக்க வருகிறவர்களிடம் எல்லாம், "வழி எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். அவர்கள் சொல்வதைச் சுண்ணாம்புக்கட்டியால் அதில் எழுதுவாள்.

'உறுவையாறு பாதை. நெருஞ்சி முள். தள்ளிக்கொண்டு போகவும்.'

'புது மணி வந்துள்ளது. அடித்துப் பார்க்கலாம். ஒரு தடவை மட்டும்.'

பலகை நல்ல உயரம். ஆனால் அகலம் ஒன்றரைச் சாண்தான். அதனால் ரோசம்மாளின் செய்திகள் எப்போதும் சுருக்கமாக இருக்கும்.

அவளிடம் ஒரே ஒரு குறை. கையில் வேகம் அதிகம். அந்த வேகத்தில் ல, ள, ன, ண எல்லாம் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அவளுடைய நோட்டில் சிவப்பு வட்டம் போட்டுப் போட்டு டீச்சருக்குக் கையே வலித்துவிட்டது.

அன்று ஜூலை பதின்மூன்று. மறுநாள் பிரெஞ்சு அரசாங்கத் திருநாள். மேரியில், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தில், சைக்கிள் பந்தயம் ஏற்பாடு செய்திருந்தார்கள். வில்லியனூரிலிருந்து ஏம்பலம் போய்த் திரும்ப வேண்டும். முதல் பரிசு ஒரு புத்தம் புது சைக்கிள்!

பந்தயத்துக்கு ஆறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆறு பேரிடமும் சொந்தமாகச் சைக்கிள் கிடையாது. இன்னாசிமுத்துவின் கடையில் இருந்த வாடகைச் சைக்கிள்களில் ஆளுக்கு ஒன்றைப் பொறுக்கி வைத்துவிட்டார்கள்.

காலையில் அந்த ஆறு பேரில் ஒருவரான சாமிக்கண்ணு வந்தார். அவர் ரோடு போடும் வேலை செய்பவர். ஏம்பலத்திலிருந்து தினமும் நடந்தே வேலைக்கு வருவார், நடந்தே திரும்புவார். அந்தப் பரிசுச் சைக்கிள் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று ரோசம்மாள் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, மங்கலத்துக்கு அந்தாண்ட ரோட்டுல புதுசா கல்லு கொட்டியிருக்கு" என்றார் சாமிக்கண்ணு. "நேத்து நாங்கதான் கொட்டுனோம். ஒண்ணொண்ணும் கத்தி மாதிரி கூரா கீது. பலகையில எழுதிப் போட்டுடு. சைக்கிள்ல போறவங்க பாத்துப் போவட்டும்."

"இதோ எழுதிட்டேன் அண்ணே!"

பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருந்தது. ரோசம்மாள் கடகடவென்று எழுதினாள்.

'மங்கலம் ரோடு.
புதுக் கள்
கொட்டியிருக்கிறது.
பார்த்துப் போகவும்.'

எழுதிவிட்டு ஓடினாள். நீங்கள் கவனித்தீர்களா? அவள் கவனிக்கவில்லை.

திருநாளுக்காக அன்று பள்ளிக்கூடம் அரை நாள்தான். மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது கடை வாசலில் ஒரே கூச்சல். ஐந்து சைக்கிள்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. பத்து டயரிலும் காற்று இல்லை. பக்கத்தில் நான்கு மண்பானைகள். அவற்றுக்கு நடுவில் பக்கிரி உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் வெல்லம் காய்ச்சுகிறவர். பந்தயத்தில் அவரும் ஒருவர். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த இன்னும் நான்கு பேர் வியர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு நின்றார்கள்.

"இன்னாப்பா ஆச்சு?" என்றாள் ரோசம்மாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "மங்கலத்துல கள்ளு கொட்டியிருக்குன்னு யாரோ சொன்னாங்களாம். திருநாளுக்காக அரசாங்கமே சும்மா ஊத்துதுன்னு நெனைச்சி, பானையைக் கட்டிக்கினு போயிருக்காங்க."

"போனோம், அங்க சொட்டுக் கள்ளு இல்ல!" பக்கிரி எழுந்தார். "பூரா கல்லு! வேகமா போன வேகத்துல அஞ்சு பேரும் அது மேலயே ஏத்திட்டோம். பட்டு பட்டுன்னு வெடிச்சுது. இந்த வெயில்ல தள்ளிக்கினே வந்தோம், அண்ணே!"

ரோசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கிரியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"இது அந்தச் சாமிக்கண்ணு வேலைதான்" என்றார் பக்கிரி. "காலையில அவன்தான் இங்க வந்து சேதி சொன்னான். நான் எதிர்க்கடையிலருந்து பாத்தேன். இப்ப பாருங்க. எங்க அஞ்சு சைக்கிளும் பஞ்சர். அவன் பொறுக்கி வெச்ச சைக்கிள் மட்டும் உள்ள ஜம்முனு நிக்குது. நாளைக்கு அவன் ஒருத்தனே ஓட்டி ஜெயிக்கப் பாக்கறான். நான் மேரிக்குப் போயி அவன் பேரை அடிக்கச் சொல்றேன்!"

"ஆமாம், அடிக்கச் சொல்லு!" என்றார்கள் மற்ற நால்வரும்.

அந்த நேரம் பார்த்துச் சாமிக்கண்ணுவே வந்தார். வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம். தன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

"வாடா! பலகையைப் பாரு!" பக்கிரி அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். "இன்னா எழுதியிருக்கு? படி!"

சாமிக்கண்ணு பலகையை மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே" என்றார் மெதுவாக. "கல்லு கொட்டியிருக்குன்னுதான் சொன்னேன்."

"கல்லா? இப்ப நாக்கைத் திருப்பிப் போடறியா? கள்ளுன்னு பச்சையா எழுதியிருக்கே!"

ரோசம்மாள் பலகையைப் பார்த்தாள். அங்கே, 'புதுக்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், குண்டு ள ஒன்று தொப்பை தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஈரத்துணி கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவளை யாரும் சந்தேகப்படவில்லை. பலகை தப்பாகச் சொல்லும் என்று ஊரில் யாருக்கும் தோன்றவே தோன்றாது. ஒரே துடைப்புத் துடைத்துவிட்டால் போதும்.

ஆனால் சாமிக்கண்ணு இன்னும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா" என்றாள் ரோசம்மாள். "அது என்னோட ள."

"இன்னாடி சொல்ற?"

"அண்ணன் கல்லுன்னுதான் சொன்னாரு. சின்ன ல போடுற எடத்துல நான் குண்டு ள போட்டுட்டேன். அவரு மேல தப்பு இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

பக்கிரி பலகையைப் பார்த்தார். ரோசம்மாளைப் பார்த்தார். கடைசியாகத் தன் பானைகளைப் பார்த்தார்.

"அப்ப நாங்க நாலு பானையைக் கட்டிக்கினு ஓடுனது ஒரு எழுத்துக்கா?"

முதலில் சிரித்தது அப்பாதான். அடக்கப் பார்த்து முடியாமல், பம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு மற்ற நால்வரும் சிரித்தார்கள். பக்கிரி மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிப்பு கெடக்கட்டும்ணே. நாளைக்குக் காலையில பந்தயம். எங்களுக்குச் சைக்கிள் எங்க? ஒரே ஒருத்தன் ஒண்டியா ஓட்டுனா அது பந்தயமா? சாயங்காலத்துக்குள்ள அஞ்சும் ஓடலைன்னா, பந்தயமே வேணாம்னு மேரியில சொல்லிடுவோம்."

அது நியாயமான பேச்சு. அப்பாவின் சிரிப்பும் நின்றது. "பத்து டியூபு. ஒவ்வொண்ணுலயும் எத்தினி ஓட்டையோ! நான் ஒருத்தன் எப்பிடிப் போடுறது?"

"ஏம்பா ஒருத்தன்? எட்டு பேரு இருக்கோம்!" என்றாள் ரோசம்மாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பக்கிரி அண்ணே, அந்தப் பானைங்க உடையலையே?"

"உடையல. அது ஒண்ணுதான் கொறைச்சல்."

"அப்ப நாலுலயும் குளத்துத் தண்ணி கொண்டாங்க. டியூபை முக்கிப் பாக்கணும். நம்ம கடையில ஒரு தொட்டிதானே இருக்கு!"

பக்கிரி முதல் பானையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடந்தார்.

அதன்பிறகு ரோசம்மாள் வைத்ததுதான் சட்டம். இரண்டு பேர் டயரைக் கழற்றினார்கள். இரண்டு பேர் டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினார்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே அவள் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டாள். பக்கிரி உப்புத்தாளால் தேய்த்தார். அப்பா பசை தடவி ஒட்டினார்.

"இன்னும் நல்லா தேய்ங்க அண்ணே. வெல்லத்தைக் கிண்டுற கைதானே?" என்று ரோசம்மாள் அதட்டினாள்.

"இன்னாசி அண்ணே, இது உங்க பொண்ணா, மேஸ்திரியா?" என்றார் பக்கிரி. இந்தத் தடவை அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பாட்டு நேரம் முடிந்து போயிருந்த சாமிக்கண்ணுவும் வேலை விட்டதும் ஓடி வந்து சேர்ந்துகொண்டார். ஒட்டுப் போட்ட டியூபைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, "பாப்பா, எம் பேரை எப்பிடி எழுதுவாங்க?" என்று கேட்டார்.

ரோசம்மாள் தரையில் எழுதிக் காட்டினாள். "இது சா. இது மி. கடைசியில வருது பாரு, இதுதான் கண்ணு. இதுல ரெண்டு எழுத்துக்கும் மூணு மூணு சுழி. எண்ணிக்கோ. ரெண்டு சுழி போட்டா நீ கன்னுக்குட்டி ஆயிடுவே!"

சாமிக்கண்ணு விரலை வைத்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." இன்னொரு தடவையும் எண்ணிக்கொண்டார்.

பிறகு பக்கிரியிடம் திரும்பி, "அண்ணே, மங்கலத்துல கல்லு கொட்டுன எடத்துல, வாய்க்கா ஓரமா ஒரு ஒத்தையடிப் பாதை கீது. அதுல போனா டயருக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

பக்கிரி தேய்ப்பதை நிறுத்தினார். "அதை ஏன்டா எங்களுக்குச் சொல்ற? நீ மட்டும் அதுல போனா சுளுவா ஜெயிச்சிடலாமே!"

"ஒண்டியா ஓட்டுனா அது பந்தயமான்னு நீங்கதானே கேட்டீங்க?"

பக்கிரி உப்புத்தாளை முன்பைவிட வேகமாகத் தேய்த்தார்.

இருபத்து மூன்று ஒட்டுகள். பொழுது சாய்வதற்குள் ஐந்து சைக்கிள்களும் எழுந்து நின்றன. ரோசம்மாள் பலகையைத் துடைத்துவிட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

'மங்கலம் ரோடு.
கல். கல். கல்.
ஒரு சொட்டுக்
கள்ளும் இல்லை.'

மறுநாள் வில்லியனூர் தெருவெல்லாம் மூவண்ணத் தோரணம். மேளம் முழங்கியது. மேரி வாசலில் வேட்டுப் போட்டதும் ஆறு சைக்கிள்களும் சீறிக்கொண்டு கிளம்பின. ரோசம்மாள் கடை வாசலில் முக்காலி போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். கால் வலித்தது. இறங்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் தெருக்கோடியில் புழுதி எழுந்தது.

"ரெண்டு பேரு வராங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

ஒருவர் பக்கிரி. இன்னொருவர் சாமிக்கண்ணு. இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். பக்கிரி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். சாமிக்கண்ணு குனிந்த தலை நிமிராமல் மிதித்தார். எல்லைக்கோட்டைத் தாண்டும்போது சாமிக்கண்ணுவின் சக்கரம் ஒரு முழம் முன்னால் இருந்தது.

"ஜெயிச்சாச்சு!" ரோசம்மாள் முக்காலியிலிருந்து குதித்தாள். ஊருக்கு முதலில் சேதி சொல்வது தன் பலகையாகத்தான் இருக்க வேண்டும்! சந்தோஷத்தில் கை பரபரத்தது. கடகடவென்று எழுதினாள்.

'முதல் பரிசு
சாமிக்கன்னு!'

கொஞ்ச நேரத்தில் கூட்டம் கடைக்கு வந்தது. நடுவில் சாமிக்கண்ணு, கழுத்தில் மாலை. கையில் பளபளக்கும் புதுச் சைக்கிள். அதற்குக் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று பக்கிரியே டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சாமிக்கண்ணு பலகை முன்னால் நின்றார். குனிந்து, கடைசி எழுத்துகளில் விரலை வைத்தார். அவர் உதடு அசைந்தது. "ஒண்ணு, ரெண்டு..." விரல் அடுத்த சுழியைத் தேடியது. அது அங்கே இல்லை.

"பாப்பா" என்றார், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. "இம்மாந் தூரம் மிதிச்சது நானு. பரிசைத் தூக்கிக் கன்னுக்குட்டிக்குக் குடுத்திட்டியே!"

கடைத்தெருவே சிரித்தது. ரோசம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சுண்ணாம்புக்கட்டியை அவரிடம் நீட்டினாள்.

"நீயே போடு அண்ணே."

சாமிக்கண்ணு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சுண்ணாம்புக்கட்டியை இறுக்கிப் பிடித்து, விட்டுப்போன சுழிகளை இரண்டு எழுத்திலும் தன் கையாலேயே போட்டார்.