வாக்கப்பட்டவளுக்கு மட்டும்

"ஐயையோ... வாயில வச்சுட்டீங்களா?"

சமையற்கட்டு வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான் அவன். பிரகதாம்பாளுக்கு வாய் நிறையக் கறி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பதறிப்போய் விரிந்திருந்த அவன் கண்கள்... பெரிய பெரிய கண்கள்! ஒரு நொடி அவற்றையே பார்த்திருந்துவிட்டு விழுங்கினாள்.

"பசிச்சுது, சாப்பிட்டேன். எனக்காக வச்ச குழம்பைச் சாப்பிட யாரைக் கேக்கணும்?"

"ஒங்களுக்காகவா? இது எங்க கருப்பருக்கு வெட்டுன கிடாய்ங்க!"

"சட்டியில பேர் எழுதி வைக்கிறதுதானே!"

திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் அவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரார் பேச்சையெல்லாம் வருஷக்கணக்காக இணைத்துக் கொடுத்தவள். போன வாரம் காரணமே இல்லாமல் வேலைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அழுததுகூடத் தெரியாத அளவுக்கு அலுப்பு. "ரெண்டு நாள் எங்கேயாவது போய்த் தூங்குடி" என்று மேலதிகாரி அம்மாள்தான், யாரிடமோ சொல்லி, நார்த்தாமலைப் பக்கத்துக் காட்டு பங்களாவுக்கு அனுப்பி வைத்தாள். சனிக்கிழமை காலையில் வந்தவள், பாயைக்கூடச் சரியாக விரிக்காமல் தூங்கிப் போனாள்.

காவல்காரன் மனைவி காத்தாயி, "நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வச்சுத் தாரேன் ஆத்தா" என்று சொல்லி, கோழி பிடிக்க ஊருக்குள் போயிருந்தாள். அதற்குள் ஆடி மாதத்தில் அப்படியொரு மழை! விழித்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை ஆளைத் தூக்கியது. தனக்குத்தான் என்று நினைத்துவிட்டாள்.

நடந்தது வேறு. பக்கத்துக் கோயில்காட்டில் பங்காளிகள் கூடிப் போட்ட அடுப்பை மழை அணைத்துவிட்டது. அந்தக் காட்டுக்கு பாரஸ்டரும், அந்தப் பங்காளிகளில் ஒருவனுமான ஆவுடையப்பன், சட்டியை பங்களா அடுப்புக்குத் தூக்கி வந்து வைத்துவிட்டு, விறகுக்கு வெளியே போயிருந்தான். உள்ளே ஒருத்தி தூங்குவது அவனுக்கு எப்படித் தெரியும்?

சத்தம் கேட்டு அவனுடைய பெரியப்பா அழகுமலை வந்தார். பின்னாலேயே நாலைந்து பங்காளிகள். விஷயம் தெரிந்ததும் பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பங்காளி வீட்டு ஆம்பளையும், அந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட பொம்பளையுந்தான் இதைத் தொடலாம். பெத்த மகளுக்கே கெடையாது தாயி! இனிமே குத்தங்கட்டி மறு கிடாய் வெட்டணும். இல்லேன்னா..." அவளைப் பார்த்தார். கல்யாணமாகாத தம்பி மகனையும் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடி போகட்டும். ஆவணியில இந்தப் புள்ளைய ஒனக்கே முடிச்சுட்டா குத்தமே இல்லடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

"எனக்குச் சம்மதந்தான் பெரியப்பா" என்றான், முந்திரிக்கொட்டை மாதிரி.

பிரகதாம்பாளுக்கு முகம் சிவந்தது. வெட்கத்தால் அல்ல. அம்மாவும் இரண்டு தம்பிகளும் அவள் உழைப்பில்தான் சாப்பிடுகிறார்கள். பெண் பார்க்க வந்த ஒவ்வொருவனும் முதலில் கேட்டது சம்பளத்தை. அவள் பேரைக் கேட்டவர்களே குறைவு.

"வந்தவனெல்லாம் சம்பளத்துக்காகக் கேட்டான். நீங்க சாமி குத்தத்துக்காகக் கேக்குறீங்க. எனக்காக என்னை ஒருத்தரும் கேக்கலை. ஒரு வாய்க் கறிக்கு நான் வாக்கப்பட மாட்டேன்!"

அறைக்கதவைப் படீரென்று சாத்தினாள். உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சண்டை போடக்கூட உடம்பில் தெம்பில்லையே... அந்தக் கண்ணை நம்பியிருக்கலாமோ என்று ஒரு நினைப்பு. சீ, என்று அதையும் விரட்டினாள்.

சாயங்காலம் கதவை மெல்லத் தட்டும் சத்தம். காத்தாயி பக்கத்தில் நிற்க, வரகரிசிச் சோறும் கோழிக் குழம்புமாக அவன் நின்றான்.

"இதுல எந்தச் சாமிக்கும் பங்கு இல்லீங்க. தைரியமாச் சாப்பிடலாம்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"வேற ஏதாவது பேசணுமா?" என்றாள்.

"நெறைய..."

"வேணாம். பேச்சுக் கேட்டுக் கேட்டுக் காது ஓஞ்சு போச்சு எனக்கு."

அவன் தலையாட்டினான். வராந்தாவின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டான். காத்தாயி பரிமாற, இவள் இந்தக் கோடியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை அவன். பேசாதே என்றால் பேசாமல் இருக்கிற மனிதனை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. மழை விட்டதும் "வாரேங்க" என்று எழுந்து போனான். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் அவன் வரவில்லை.

காத்தாயி கேப்பைக் கஞ்சியும் கருவாடும் வைத்தாள். பிரகதாம்பாளுக்கு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து பார்த்தாள். பால்காரன். அப்புறம் விறகுக்காரன். 'அவ்வளவுதானா? வராதேன்னு நானா சொன்னேன்? பேசாதேன்னுதானே சொன்னேன்...' தன்மேலேயே கோபம் வந்தது. மத்தியானம் பையைக் கட்டினாள். நாளைக்கு மறுபடியும் அதே நாற்காலி, அதே குரல்கள்... நினைத்ததும் தோள் இரண்டும் தானாகவே தொங்கிப்போயின.

பையோடு படியிறங்கும்போது அவன் வந்தான். வேட்டியெல்லாம் சேறு. முகம் அலைச்சலில் வாடியிருந்தது. உறக்கம் இல்லாத கண்கள்.

"எங்கே போயிட்டீங்க?" என்று கேட்க வந்ததை விழுங்கினாள்.

"மறு கிடாய் தேடி அலஞ்சேங்க. வெட்டிப் படையல் போட்டாச்சு. பங்காளிங்க எல்லாரும் சாப்பிட்டாங்க. குத்தம் கழிஞ்சு போச்சு."

"அதனால?"

"இப்ப நீங்க எங்களுக்கு யாரோ ஒருத்தர். எங்க சாமிக்கும் ஒங்களுக்கும் பேச்சே இல்ல. பஸ் ஏறிப் போயிட்டா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது." அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான். "குத்தம் கழிஞ்ச பொறவுதான் ஒங்களக் கேக்க முடியும்னு இருந்தேன். நேத்து அவசரப்பட்டு, பெரியப்பா கேலிக்குள்ள புகுந்துட்டேன். தப்பு. ஒங்க சம்பளம் ஒங்க வீட்டுக்கே போகட்டும். எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. ஒங்களுக்கு..."

அந்தப் பெரிய கண்கள் தரையைப் பார்த்தன.

பிரகதாம்பாள் பையைக் கீழே வைத்தாள். என்ன சொல்வது? எத்தனையோ பேருடைய காதலையும் சண்டையையும் காதால் கேட்டவளுக்குத் தன் காரியம் என்று வந்ததும் ஒரு வார்த்தை அகப்படவில்லை.

"நான் களைச்சுப் போன பொம்பளைங்க... சட்டுன்னு கோவம் வரும். சிரிக்கிறதே மறந்து போச்சு."

"தெரியும். பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவ்வளவுதான், அவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னத்தப் பாத்தீங்க? காலையிலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன் நான். ஒரு வாய்க் கஞ்சி எறங்கல. வருவீங்களா மாட்டீங்களான்னு செத்துப் பொழைச்சேன். சாவகாசமா இப்ப வந்து நின்னுக்கிட்டு, புடிச்சிருக்கான்னு வேற கேக்குறீங்க!"

கோபமாகத்தான் சொன்னாள். அதைவிடத் தெளிவாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.