திராட்சை நொதிக்கும் வாரம்

பிரோஷ்கா மேசையில் மூன்று கோப்பைகளை வைத்தாள்.

வந்திருந்தவர்கள் இரண்டே பேர். இல்காவும் வென்டெலும். ஏரியைப் பார்த்த அந்தச் சின்ன ஒயின் கூடத்தின் ஜன்னலோர மேசையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே, அறுவடை முடிந்து மஞ்சளித்துப்போன திராட்சைக் கொடிகளுக்குக் கீழே, பாலட்டன் ஏரி எப்போதும்போல் பால் கலந்த பச்சையாகக் கிடந்தது. அக்கரையிலிருந்து பனிமூட்டம் புறப்பட்டிருந்தது.

"மூணு எதுக்கு? நாங்க ரெண்டு பேர்தானே," என்றாள் இல்கா.

"அவர் குடிக்க மாட்டாரா?" பிரோஷ்கா வாசல் பக்கம் திரும்பினாள். கண்ணைச் சுருக்கினாள். "இப்ப அங்க நின்னாரே. உங்க பின்னாடியே படியேறி வந்தாரு. வண்டி ஓட்டுறவரோன்னு நினைச்சேன்."

"வண்டி ஓட்டினது நான்தான்."

"அப்ப வேற யாராவதா இருக்கும். இந்த வாரம் கரை முழுக்க ருசி பார்க்க வந்த கூட்டம்தான். யாரு யாரோட வந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது."

வென்டெல் சிரித்தான். "மூணாவதையும் ஊத்து, பிரோஷ்கா. நான் ஒருத்தனே ரெண்டு ஆளுக்குச் சமம்."

பிரோஷ்காவும் சிரித்தாள், வென்டெல் சிரித்தால் இந்தக் கரையில் எல்லோரும் சிரிப்பார்கள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று எழுதினால் புடாபெஸ்ட்டிலிருந்து வண்டிகள் வரும். எழுதாவிட்டால் அந்த வீட்டில் குளிர்காலம் சற்று நீளமாக இருக்கும். அவன் கோப்பையைச் சுழற்றினான், மூக்கை உள்ளே நுழைத்தான், கண்களை மூடிக்கொண்டான். இல்கா அவனுடைய தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவன் இல்காவின் கணவன் அம்ப்ருஷுக்குக் கூட்டாளியாக இருந்தான். திராட்சைச் சாறு நொதிக்கும் வாரம் அது. நொதிக்கும் சாறு விடும் காற்று நிலவறையின் அடியில் தண்ணீர்போலத் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும். அதனால் இங்கே எல்லோரும் எரியும் மெழுகுவத்தியை முன்னால் நீட்டிக்கொண்டுதான் படி இறங்குவார்கள். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். அன்றைக்குத் தானே முதலில் இறங்கிப் பார்த்ததாகவும், சுடர் நன்றாக எரிந்ததாகவும், அதை நம்பித்தான் அம்ப்ருஷ் இறங்கி மூச்சடைத்துச் செத்தான் என்றும் வென்டெல் அழுதான். எல்லோரும் அவனைத் தேற்றினார்கள். அம்ப்ருஷ் விட்டுப்போன ஒயினைக் கொண்டுதான் அவன் பெயர் வாங்கினான்.

நிலவறை மாடத்திலிருந்த மெழுகுவத்தியை அன்று மாலை எடுத்துவந்து சவப்பெட்டியின் தலைமாட்டில் ஏற்றியவள் இல்கா. அந்தத் திரி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு தடவைகூடப் பற்றவைக்காத திரி.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்ப்ருஷின் விரல் முட்டிகள் தோலுரிந்து கிடந்ததைப் பார்த்தபோதும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊற்றி வைத்த மூன்றாவது கோப்பையை வென்டெல் தொடவே இல்லை. ஆனால் அவர்கள் எழுந்தபோது அது காலியாக இருந்தது, நின்ற இடத்தில் மேசைத்துணி ஈரமாக இருந்தது.

*

தெஷோவின் நிலவறை மலையின் கருங்கல்லுக்குள் குடைந்து போனது. உள்ளே நுழைந்ததும் வெளியுலகத்துச் சத்தமெல்லாம் வெட்டுப்பட்டு நின்றது. ஈரக்கல்லின் வாசனை, பீப்பாய் மரத்தின் வாசனை, பழைய கந்தகப் புகை, இவற்றுக்கெல்லாம் அடியில் பிசைந்து வைத்த மாவு புளித்ததுபோல் ஒரு மணம். ஒரே ஒரு பல்பு. அதன் வெளிச்சம் முதல் இரண்டு பீப்பாய்களோடு களைத்துப் போனது. தெஷோ ரயில்வேயில் இஞ்சினியராக இருந்துவிட்டுத் திராட்சைக்கு வந்தவன், வாய் ஓயாதவன். நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையைப் பீப்பாய்க்குள் விட்டு உறிஞ்சி எடுத்துக் கோப்பைகளில் பிடித்தான்.

வென்டெலுக்கு ஒன்று. இல்காவுக்கு ஒன்று.

மூன்றாவதையும் நிரப்பி, இல்காவின் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னாலிருந்த இருட்டுக்குள் நீட்டினான்.

"இந்தாங்க, பிடிங்க."

அவன் கை வெறுமையாகத் திரும்பி வந்தது.

கண்ணாடி உடையும் சத்தத்துக்காக இல்கா காத்திருந்தாள். உடையவில்லை. அவள் கழுத்துக்குப் பின்னால், மிக அருகில், யாரோ ஒரு மடக்கு விழுங்கினார்கள்.

அவள் திரும்பவில்லை.

"உங்க ஆளு கம்பளிச் சட்டையெல்லாம் சாறு சொட்டுதே," என்றான் தெஷோ. "தொட்டிக்குள்ள விழுந்துட்டாரா? ஜுரம் வரப்போகுது. நெருப்புப் பக்கமா உக்காரச் சொல்லுங்க."

வென்டெல் அப்போது மூக்கைக் கோப்பைக்குள் விட்டிருந்தான். "யாரு ஆளு?"

"உங்க கூட..." தெஷோ நிறுத்தினான். இல்காவின் தோளுக்கு மேலே பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக, பிறரிடம் கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுபோல், இறங்கியது. "ஒண்ணுமில்ல. வெளிய போயிட்டார் போல. நானும் காலையிலேருந்து ருசி பார்த்துட்டே இருக்கேன்."

குடுவையைக் கழுவப் போய்விட்டான். வழியனுப்பவும் வாசல் வரை வரவில்லை.

வண்டியில் ஏறியபோது, இல்கா தன் கதவைச் சாத்திய பிறகு, வென்டெல் தன் கதவைச் சாத்திய பிறகு, பின் இருக்கையின் ஸ்பிரிங்குகள் முனகி அழுந்தின. பனிமூட்டம் ஏரியை முழுவதுமாக விழுங்கிக் கரையேறி வந்திருந்தது. சாலையோர வாதுமை மரங்கள் ஒவ்வொன்றாக முளைத்து, ஒவ்வொன்றாகக் கரைந்தன. மணி நாலுதான், அதற்குள் பொழுது சாம்பலாகிவிட்டது.

இல்கா கண்ணாடியில் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவே வேறொன்றும் இருந்தது. சூடான, இனிப்பான ஒன்று. வந்திருக்கிறான். இவனுக்காக வந்திருக்கிறான். நான் அழைத்துவந்தது இவனை மட்டும்தான், ஆனால் அம்ப்ருஷ் காத்திருந்திருக்கிறான்.

"உன் வண்டியில என்னமோ புளிக்குது," என்றான் வென்டெல்.

"அறுவடை நேரம். எல்லா வண்டியிலயும் இந்த நாத்தம்தான்."

"பின்னாடி ஜன்னல் திறந்திருக்கா? பிடரியில குளிருது." அவன் திரும்பிப் பார்த்தான். வெறும் இருக்கைதான் தெரிந்திருக்க வேண்டும். மறுபடி முன்னால் பார்த்து, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "சரி, அந்தக் கடைசிப் பீப்பாய் நிஜமாவே இருக்கா? அம்ப்ருஷ் கையால போட்ட நீலக்காம்புத் திராட்சை ஒயினு?"

"இருக்கு. யாரும் தொடல."

"ஒன்பது வருஷம் மூடி வெச்சுட்டு, இப்ப என்னைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்றே. நீ ஒரு விசித்திரமான பொம்பளை, இல்கா."

"உன்னைவிட்டா அதோட ருசி வேற யாருக்குத் தெரியும்?"

அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதன்பின் கேள்வி கேட்கவில்லை. பின்னால், அவள் காதருகே, ஈரக் கம்பளி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

*

அவள் வீட்டுக்குப் பின்னால், சரிவு தொடங்கும் இடத்தில் நிலவறைக் கதவு. கனத்த ஓக் பலகை, வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள். கதவுக்கு அந்தப்புறம் பதினெட்டுப் படிகள். அடியில், அந்தப் பழைய பீப்பாயைச் சுற்றி, இந்த வருட அறுவடை முழுவதையும் நான்கு திறந்த தொட்டிகளில் பிழிந்து நிரப்பியிருந்தாள். நான்கு நாட்களாக அவை நொதித்துக்கொண்டிருந்தன. கதவுக்கு வெளியே நின்றாலே கேட்டது. பெரிய மிருகம் ஒன்று வாயைத் திறந்து தூங்குவதுபோல, சலசலவென்று, ஓயாமல்.

காலையில் அவள் போட்டுவிட்டுப் போன தாழ்ப்பாள் திறந்து கிடந்தது.

வென்டெல் கதவருகே நின்றான். "மெழுகுவத்தி வெச்சுப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன். நல்லா எரியுது."

எத்தனையோ இரவுகள் உதடு அசையாமல் சொல்லிப் பழகிய வார்த்தைகள். குரல் பிசகவில்லை. ஆனால் வென்டெல் நகரவில்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"அதே வார்த்தை. நான் அவன்கிட்ட சொன்ன அதே வார்த்தை. இதுக்குத்தான் இவ்வளவு தூரம் ஊர் சுத்திக் காட்டினியா?"

"நீதான் கதவைச் சாத்தினே."

"சாத்தினேன்." பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னான். "அன்னைக்குக் காலையில உன் புருஷன் என்னை மூட்டையைக் கட்டச் சொன்னான். கொஞ்சம் பயப்படட்டும்னு நினைச்சேன். அவ்வளவுதான். அப்புறம் தட்ட ஆரம்பிச்சான். என் கை தாழ்ப்பாள் மேலயே இருந்துச்சு, இல்கா. திறந்திருப்பேன். அப்பத்தான் உங்க வீட்டுக்குள்ள ரேடியோ சத்தம் கூடுச்சு."

இல்கா கதவை விட்டு ஒரு அடி பின்வாங்கினாள்.

"உனக்குக் கேட்டுச்சு. கேட்டுத்தான் கூட்டினே. ராத்திரி சண்டை போட்டிருந்தீங்க, எனக்குத் தெரியும். சரி, பொண்டாட்டிக்கே அவன் வேணாம்னா எனக்கென்னன்னு நின்னுட்டேன். அதனாலதான் உன்கிட்ட எனக்கு எப்பவும் பயமே கிடையாது. நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டே."

அவன் வண்டியை நோக்கித் திரும்பினான்.

கதவு திறந்தது.

காற்று இல்லை. யாரும் இழுக்கவில்லை. உள்ளிருந்து தள்ளியதுபோல், தன் கனத்தோடு, நிதானமாகத் திறந்தது. புளிப்பு வாடை முகத்தில் அடித்தது. வென்டெல் தலையைத் திருப்பி இருட்டுக்குள் பார்த்தான். அங்கே எதையோ பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது பயம்கூட இல்லை. தெரிந்த ஒருவரைச் சந்தையில் எதிர்பாராமல் பார்க்கும்போது வரும் அந்த அடையாளம் கண்ட பாவனை.

"நீயா..." என்றான்.

பிறகு அவன் அங்கே இல்லை. கதவு சாத்திக்கொண்டது.

இல்கா ஓடிப்போய்க் கதவில் சாய்ந்தாள். தாழ்ப்பாள் போடப்படவில்லை. அவள் போடவும் இல்லை. உள்ளிருந்து தட்டல் தொடங்கியது.

"இல்கா! திற! திறடி!"

அவள் பலகையில் கன்னத்தை வைத்தாள். ஒவ்வொரு அடியும் கன்னத்து எலும்பில் இறங்கியது. இதைத்தான் விரும்பினாள். இந்தச் சத்தத்தைத்தான் ஒன்பது வருடமாக விரும்பினாள், இந்தக் கையால், இந்தக் குரலில். பற்களைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கதவு தாழிடப்படவே இல்லை, லேசாகத் தள்ளினால் போதும், ஆனாலும் அவனால் திறக்க முடியவில்லை. அது அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

"இல்கா, இவன் என்னைப் பிடிச்சு..."

குரல் படிகளில் இறங்கிப் போனது. ஏதோ ஒன்று தொட்டிக்குள் விழுந்த சத்தம். கனமாக.

நுரை கொதிக்கும் சலசலப்பு.

அப்புறம் அதுவும் நின்றது. நான்கு நாட்களாக ஓயாமல் நொதித்த சாறு, சட்டென்று மௌனமானது.

முடிந்தது, என்று நினைத்தாள். வீட்டுக்குள் போகலாம். கைகால் கழுவிக்கொள்ளலாம். காலையில் ஊரைக் கூப்பிடலாம். தானாக இறங்கினார், சொன்னால் கேட்கவில்லை என்று சொல்லலாம். நம்புவார்கள். இந்த வாரத்தில் நடப்பதுதானே.

அவள் திரும்பினாள். இரண்டு அடி வைத்தாள்.

தட்டல்.

வென்டெல் தட்டியது போல இல்லை. அவசரம் இல்லை. ஒன்று. நின்று. இன்னொன்று. நின்று. இன்னொன்று. அன்றைக்குச் சமையலறையில் மாவு பிசைந்த கையோடு அவள் கேட்ட அதே தட்டல்.

பனிமூட்டம் வீட்டை மறைத்துவிட்டது. ஏரியும் இல்லை, சாலையும் இல்லை. அவளும் கதவும்தான்.

ஒன்று. நின்று. இன்னொன்று.

"போயிடு," என்றாள். "உனக்கு வேண்டியதைக் கொடுத்துட்டேன். போயிடு, அம்ப்ருஷ்."

இன்னொன்று.

காதைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள்ளும் கேட்டது. இந்த முறை கேட்காததுபோல் இருக்க முடியாது. அவளுக்கு அது தெரிந்தது. கால்கள் தாமாகவே திரும்பின. கை நீண்டது. இரும்பு சில்லிட்டது. இழுத்தாள்.

முதல் படியில் வென்டெல் நின்றான். தலைமுதல் கால்வரை திராட்சைச் சாறு வழிந்தது. கண்கள் திறந்திருந்தன. அவற்றில் அவன் இல்லை. கால்கள் தரையில் படவில்லை. அவன் மார்பின் குறுக்கே பின்னாலிருந்து ஒரு கம்பளிக் கை, விருந்து முடிந்து தள்ளாடும் நண்பனைத் தாங்குவதுபோல், கெட்டியாக வளைத்துப் பிடித்திருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருந்தது. அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொரு கை அவளை நோக்கி நீண்டிருந்தது. முட்டிகள் உரிந்த கை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது, வழுக்கும் படிகளில் இறங்குகிறவளுக்குத் துணை கொடுப்பதுபோல். அது அவசரப்படவில்லை.