மரியா என்று ஒருத்தி இல்லை

2005 நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம், யாக்கோப்பு அண்ணையும் மனைவி வசந்தமலரும் கிங்ஸ்பரியிலிருந்து குட்மேய்ஸுக்கு எங்கள் வீடு தேடி வந்தார்கள். எங்கள் மகள் சுவர்ணாவைத் தங்கள் மகனுக்குக் கேட்டிருந்தார்கள். இந்த நாட்டுக் குளிர்காலத்தில், மூன்றரை மணிக்கே வெளியில் மங்கத் தொடங்கியிருந்தது.

முன்னறைச் சுவரில் என் கணவர் கஸ்பர் வரைந்த வம்ச அட்டவணை தொங்கியது. ரொசன்டால் என்ற எங்கள் குடும்பப் பெயரின் வேரைத் தேடி அவர் நான்கு வருடம் அலைந்திருந்தார். உச்சியில், ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்திலிருந்து யாழ்ப்பாணக் கோட்டைக்கு வந்த சிப்பாய் யான் ரொசன்டால். பக்கத்தில் அவன் மனைவி மரியா, அவளும் டெல்ஃப்ட்.

மரியா என்று ஒருத்தி இருந்ததேயில்லை. கொழும்பிலிருந்து கிடைத்த ஞானஸ்நானப் பதிவின் பிரதியில், யானுடைய பிள்ளையின் தாய் 'நாகி, வீட்டு அடிமை' என்றுதான் இருந்தது. கஸ்பர் அதை அப்படியே எழுதினார். சம்பந்தம் பேச வருபவர்கள் எதை முதலில் விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளை மை பூசி அழித்தது நான். மரியாவை எழுதியதும் நான்.

"ஒல்லாந்துச் சிப்பாய் எல்லோ, அதுதான் பிள்ளை இந்த நிறம்," என்று வசந்தமலர் சிரித்தார். "எங்கட பக்கம் தேடினால் பனங்காணிதான் வரும்."

பிறகு குசினிப் பக்கம், அடுப்படியைப் பார்த்தார்.

"ஏன் அவ அங்கையே நிக்கிறா? வந்து இருக்கச் சொல்லுங்கோவன்."

சுவர்ணா என் பக்கத்தில் இருந்தாள். வீட்டில் வேறு பெண் இல்லை.

ஹீட்டர் போட்டிருந்தும் கணுக்காலில் குளிர் ஏறியது. ஈர மண்ணும் விறகுப் புகையும் மணத்தன. நான் மெல்லத் திரும்பினேன்.

குசினிக்குள், வெளிச்சம் எட்டாத இடத்தில், ஒருத்தி கைகட்டித் தலைகுனிந்து நின்றாள்.

கஸ்பரும் பார்த்துவிட்டார். அவர் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்.

"அது வேலைக்கு வாற பிள்ளை."

அவர்கள் போனபின் கஸ்பர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீர் அவவை ரெண்டாம் தரமும் அழிச்சுப் போட்டீர்," என்றார்.

ஐந்தாம் நாள் காலை அவர் குசினித் தரையில் இறந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. குசினிக் கதவைப் பூட்டித் திறப்பை என் கைப்பைக்குள் வைத்திருந்தேன். அடக்கம் முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். நான் உள்ளே போய் உடை மாற்றிவிட்டு முன்னறைக்கு வந்தேன்.

எல்லோர் கையிலும் ஆவி பறக்கும் தேத்தண்ணி.

குசினிக் கதவு பூட்டியபடியே இருந்தது.

வசந்தமலர் என் காதருகே குனிந்தார். "உங்கட அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கதைக்காமல் எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தவ. ஆர் அவ, சொந்தமோ?"

சொல்லியிருக்கலாம். கலியாணம் குழம்பினாலும், கஸ்பருக்காகவாவது சொல்லியிருக்கலாம்.

"இல்லை," என்றேன். "வேலைக்காரிதான்."

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, எசமானிக்குப் பதில் சொல்லும் பணிவோடு, ஒரு குரல் வந்தது.

"ஓம், நாச்சியார்."