கிணற்றுப் பாசி

தொட்டித் தண்ணீர் தெளிந்துவிட்டது. நாற்றம்தான் போகவில்லை.

பின்னேரத் தொழுகையான அஸரைத் தொழுதுவிட்டு வந்த நஸீறா, முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வரவேற்பறை மேசையிலிருந்த சின்ன மீன்தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். நேற்று வரை அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கிக் கிடந்தது, இன்று அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும்படி இருந்தது. மோந்து பார்த்தாள். தொட்டியில் வாடையே இல்லை. ஆனால் அழுகிய பாசியும் செத்த நத்தையும் சேர்ந்தாற்போல, தொண்டையில் வந்து ஒட்டிக்கொள்ளும் அந்தப் பாழாய்ப்போன நாற்றம் அறைக்குள் எங்கோ நின்றது.

குற்றம் அவளுடையதுதான். காத்தான்குடியில் அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் சுத்தக்காரி என்று பெயரெடுத்தவள். நோன்புக்கு முதல் வீடு கழுவியபோது தொட்டியையும் வடிகட்டிப் பஞ்சையும் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துவிட்டாள். மூன்றாம் நாளே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கத்தாரிலிருந்து கணவன் றிஸ்லான் போனில் சத்தம் போட்டான்.

"நல்ல கிருமியெல்லாத்தையும் சாகடிச்சிட்டாய். பைப் தண்ணி ஊத்தாத, அதுல குளோரின். நம்மட பழைய கிணத்துத் தண்ணிய ஊத்து, அந்தப் பாசியிலயும் கொஞ்சம் போடு. ஏலாமச் சாகக் கிடக்கிற மீன வேற தண்ணியில பிரிச்சு வை."

பத்து வருடம் மூடிக் கிடந்த கிணற்றின் மூடியை நகர்த்தியதும் முகத்தில் அடித்த காற்றை அவளால் மறக்க முடியவில்லை. உறையிலிருந்து வழித்த பாசி கையில் வெதுவெதுப்பாக இருந்தது. உரித்த கோழித்தோல் மாதிரி. மூன்று தரம் கை கழுவினாள்.

ஏழு வயது மகள் ரிப்கா பக்கத்தில் நின்றாள்.

"உம்மா, சிவப்பு மீனுக்கு ஏலாமக் கிடக்கு. வேற தண்ணியில போடுவமா?"

"என்ட சட்டி, கோப்பை ஒண்டுலயும் போடேலா. அருவருப்பு!"

அது நேற்று.

இன்று ரிப்காவுக்கு முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பிட்ட பிறகு வாயே திறக்கவில்லை. எச்சில் விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்று சின்னப் பிள்ளைகள் கன்னம் உப்ப அடக்கி வைப்பதும், ஓடியோடித் துப்புவதும் வழக்கம்தானே. நஸீறாவுக்குச் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருந்தது.

"எச்சில் முழுங்கினா நோன்பு போகாது மகள்."

பிள்ளை தலையை மட்டும் ஆட்டியது. துப்புவதற்குத்தான் ஒரு தரமும் போகவில்லை.

நஸீறா மீன்களை எண்ணினாள். ஐந்து. ஆறு இருக்க வேண்டும். சிவப்பைக் காணவில்லை. செத்திருந்தாலும் மிதக்க வேண்டுமே. கரண்டிக் காம்பால் கல்லைக் கிளறினாள். இல்லை.

நோன்பு திறக்கும் மஃரிபு நேரம் நெருங்கியது. கஞ்சியை வைத்துவிட்டு மகளின் அருகில் உட்கார்ந்தாள். நாற்றம் கூடியது. சன்னல் பக்கம் திரும்பினாள். குறைந்தது. மகள் பக்கம் திரும்பினாள். குமட்டியது.

ரிப்காவின் கன்னம் அசைந்தது.

உள்ளேயிருந்து.

பள்ளிவாசலில் பாங்கு. நஸீறா பேரீச்சம்பழத்தை நீட்டினாள்.

"வாயத் திற, மகள்."

ரிப்கா அண்ணாந்து மெல்ல வாயைத் திறந்தாள். உதடு வரை தண்ணீர். கண்ணாடியாகத் தெளிந்த தண்ணீர். ஒரு துளியும் சிந்தவில்லை. நாக்கே தெரியாதபடி அதன் மேல் பச்சைப் பாசி வேரோடிப் பற்கள் வரை படர்ந்திருந்தது. பிள்ளையின் கண்கள் பெருமையோடு உம்மாவையே பார்த்தன.

பாசியை விலக்கிக்கொண்டு சிவப்பு மீன் மேலே வந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. பழத்தைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது.