பாறை பதில் சொல்லும்வரை

தலவாக்கலைக்கு மேலே, பஸ் முக்கி முனகி ஏறும் மேட்டில் ஒரு பாடசாலை இருக்கிறது. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும், சின்னப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். அந்தக் கல்லூரியின் தமிழ் மன்றத்தில் கூட்டம் நடந்தால், மைக்குக்கு முன்னால் யூஜினா நிற்பாள். அது எல்லோருக்கும் தெரியும். யூஜினாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்த வருடம் தமிழ் மன்ற விழாவின் வரவேற்புரை வினோதாவுக்குப் போய்விட்டது.

வினோதா, யூஜினா படிக்கும் தரம் ஏழுக்குப் புதிதாக வந்தவள். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்திலிருந்து நடந்து வருவாள். வகுப்பில் ஒருநாள் தாளைப் பார்த்து வாசித்தாள், அவ்வளவுதான். மன்றப் பொறுப்பாளர் நிஷாந்தி டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னா கணீர்னு இருக்கு புள்ள ஒன் கொரலு! வரவேற்புரை நீயே சொல்லு."

பிறகு யூஜினாவின் பக்கம் திரும்பினார். "நீயும் மனப்பாடம் பண்ணி வச்சுக்கம்மா. அவளுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்துட்டா நீ ஏறணும்."

காய்ச்சல் வந்தால்! யூஜினாவுக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து வினோதா எது செய்தாலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வினோதாவின் ரிப்பன் பிடிக்கவில்லை. அவள் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடும் விதம் பிடிக்கவில்லை. ஒருநாள் வினோதா தும்மினாள். காய்ச்சல்தானோ என்று யூஜினா ஆசையோடு பார்த்தாள். கரும்பலகையை அழித்த சோக்கட்டித் தூசிதான்.

வீட்டில் அம்மா கேட்டார். "ஏண்டி, மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா சோத்த இப்படிப் போட்டுப் பிசையிற?"

அந்த வரவேற்புரையை யூஜினா ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். வினோதா எப்படிச் செய்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் மட்டும் அவளால் இருக்க முடியவில்லை. ஒருநாள் பாடசாலை விட்டதும் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள்.

லயத்துக்குப் பக்கத்தில் பீலி ஒன்று இருந்தது. மலையிலிருந்து வரும் தண்ணீர் குழாய் வழியாக அங்கே கொட்டிக்கொண்டே இருக்கும். வினோதா அதைத் தாண்டிப் போய் மலைச்சரிவின் விளிம்பில் நின்றாள். பள்ளத்துக்கு அந்தப்பக்கம் பெரிய மொட்டைப் பாறை. யூஜினா தேயிலைச் செடிகளுக்கு இடையில் குந்திக்கொண்டாள்.

வினோதா வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்தாள்.

"மலையேறி வந்த அனைவரையும் வரவேற்கிறோம்!"

கொஞ்சம் பொறுத்துப் பாறை பதில் சொன்னது. "வரவேற்கிறோம்... கிறோம்..."

வினோதா அந்தப் பாறைக்குத் தலையை ஆட்டினாள். பிறகுதான் அடுத்த வரி.

"தமிழ் பேச வந்த எங்களுக்குத் தைரியம் தாருங்கள்!"

"தாருங்கள்... ருங்கள்..."

மறுபடியும் தலையாட்டல். மறுபடியும் அடுத்த வரி. பாறை பதில் சொல்லாமல் அவள் அடுத்த வரிக்குப் போகவே இல்லை. காற்று மாறி, ஒரு தடவை பாறை சும்மா இருந்தது. வினோதாவும் சும்மா நின்றாள். பிறகு அதே வரியைத் திரும்பக் கத்தினாள்.

'பைத்தியம்! பாறையோட பேசுது!' என்று யூஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அந்தக் குரல் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் கடுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் காலில் இரண்டு அட்டைகள். உளவு பார்க்கப் போய் இரத்தம் கொடுத்ததுதான் மிச்சம்.

மண்டபத்தில் ஒத்திகை வைத்த நாளில் மண் சரிந்து, மேல் டிவிசன் பாதை அடைபட்டுவிட்டது. அன்று வினோதா வரவில்லை. யூஜினாதான் அவள் இடத்தில் நின்று பேசினாள். அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பனிமூட்டம்கூட உள்ளே வந்து எட்டிப்பார்த்தது. முன்வரிசையில் பாடசாலை அதிபரும் பிரதம விருந்தினரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடைப் படிக்குப் பக்கத்தில் யூஜினா நின்றாள், அம்மா தேய்த்துக் கொடுத்த வெள்ளைக் கவுனோடு.

வினோதா மைக்குக்கு முன்னால் வந்தாள்.

"மலையேறி வந்த அனைவரையும் வரவேற்கிறோம்!"

கணீரென்று இருந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு ஒன்றுமே வரவில்லை.

வினோதா தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றாள். கண்கள் மண்டபத்தின் பின்சுவரைப் பார்த்தன. யாரோ இருமினார்கள். அவள் அதே வரியை மறுபடியும் சொன்னாள், இன்னும் சத்தமாக. மறுபடியும் நின்றாள்.

"எத்தன தடவ வரவேற்கிறது?" என்று ஒரு பையன் சொல்ல, பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"ஐயோ, மறந்துட்டா!" நிஷாந்தி டீச்சர் கையை ஆட்டினார். "யூஜினா, ஏறு! சட்டுனு ஏறு!"

மறக்கவில்லை என்று அந்த மண்டபத்தில் யூஜினா ஒருத்திக்குத்தான் தெரியும். வினோதா பாறைக்காகக் காத்திருக்கிறாள்.

யூஜினா முதல் படியில் காலை வைத்தாள். இன்னும் இரண்டு படி ஏறினால் மைக் அவளுடையது. எத்தனை நாள் ஆசை! அப்போது வினோதாவின் கையைப் பார்த்தாள். அது கவுனின் ஓரத்தை முறுக்கி முறுக்கிக் கசக்கிக்கொண்டிருந்தது. இப்போது அவளைக் கீழே இறக்கினால், இனி எந்த மேடையிலும் அவள் ஏறப்போவதில்லை.

"சே!" என்றாள் யூஜினா. அது தனக்குத்தானே சொன்னது.

படியிலிருந்து இறங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவில் பின்சுவர்வரை ஓடினாள். வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்தாள்.

"வரவேற்கிறோம்... கிறோம்..."

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வினோதாவும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. பாறைக்கு ஆட்டுவதுபோலவே தலையை ஆட்டினாள்.

"தமிழ் பேச வந்த எங்களுக்குத் தைரியம் தாருங்கள்!"

"தாருங்கள்... ருங்கள்..."

மூன்றாவது வரிக்கு, சிரித்த பையன்களும் யூஜினாவோடு சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாவது வரிக்கு மண்டபமே பாறையாகிவிட்டது. கடைசி வரிக்கு அதிபர்கூட, "நன்றி... ன்றி..." என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"பிரமாதம் டீச்சர்! இது யாரோட யோசனைங்க?" என்று கேட்டார் பிரதம விருந்தினர்.

நிஷாந்தி டீச்சர் முழித்தார். "அது வந்து... புள்ளைங்களோடதுங்க."

விழா முடிந்ததும் வினோதா ஓடிவந்தாள்.

"யூஜினா, பாறை பேசுறது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒளிஞ்சு நின்னு பாத்தேன்."

"ஏன்?"

யூஜினா தரையைப் பார்த்தாள். "பொறாமைதான்."

வினோதா யோசித்தாள். "இன்னும் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"சரி, அப்ப நாளைக்கு எங்க லயத்துக்கு வா. ஒளியாம வா. அட்டை கடிக்கும்."

மறுநாள் யூஜினா போனாள். சரிவின் விளிம்பில் நின்று, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, தன் பெயரையே உரக்கச் சொன்னாள்.

"யூ... ஜி... னா!"

பாறை கொஞ்சம் யோசித்தது. யூஜினா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜினா... னா..."

வினோதாவுக்குச் சொன்ன அதே சத்தத்தில்தான் சொன்னது. யூஜினா நன்றாகக் காதுகொடுத்துக் கேட்டாள். கொஞ்சம்கூடக் குறையவில்லை.