ஊசி போடுவதற்கு முன்

பகல் மூன்று மணிக்கே பனி மூடிவிட்டது. நோர்வூட் பாதையில் மண் சரிந்து கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பிரசவ வலி கண்ட பிரியந்தியைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்த நாலு பேர், தேயிலைத் தோட்டத்துப் பழைய பிரசவ வார்டின் பூட்டை உடைத்து எங்களை உள்ளே விட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் மருத்துவச்சி என்றால் பிரிஜிட்டா சிஸ்டர், அதாவது நான். ஆனாலும் அந்த வார்டுக்குள் இனிக் கால் வைப்பதில்லை என்று இருபத்திரண்டு வருடம் பிடிவாதமாக இருந்தேன். கன்னியாஸ்திரிக்குச் சொந்தச் சொத்து பிடிவாதம் ஒன்றுதான். அதுவும் அன்றைக்குப் போனது.

உள்ளே உர மூட்டைகளின் நெடி. அதற்கடியில், இத்தனை வருடம் கழித்தும் போகாத டெட்டோல் வாசம். கூட வந்த அம்மாக்கண்ணு அந்தக் காலத்தில் இங்கே ஆயாவாக இருந்தவள். கட்டிலைத் துடைக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பும் இதே கட்டில்தான். பிள்ளை பிறந்ததும், கருப்பை இறுகி இரத்தம் நிற்பதற்கான ஊசியைப் போட்டேன். போடுமுன் வயிற்றில் கை வைத்து, உள்ளே இன்னொரு பிள்ளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் பார்க்கவில்லை. இருந்தது. இறுகிய வயிற்றுக்குள்ளேயே அது செத்துப்போனது. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். மனசு ஆறவில்லை.

நாலரைக்குப் பிரியந்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சோர்ந்த பிள்ளை. பின்னாலேயே நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. ஒரு கையில் ஊசியோடு, மறு கையை அவள் வயிற்றில் வைத்தேன்.

உள்ளே உதைத்தது.

“கிளினிக் அட்டையப் பாருங்க அம்மாக்கண்ணு. ஸ்கேன்ல எத்தன?”

“ஒன்னுதான் சிஸ்டர். ரெண்டு தடவ எடுத்திருக்காங்க.”

மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தேன். ஒரு குட்டி இதயம் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது. குழலை அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தேன். அவள் வெகுநேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“வயிறு காலி சிஸ்டர்.”

அப்போதுதான் இரத்தம் வரத் தொடங்கியது. கட்டில் காலில் வழிந்து தரைக்கு வந்தது.

உள்ளே பிள்ளை இருந்தால் இந்த ஊசி அதைக் கொன்றுவிடும். இல்லையென்றால், நான் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் பிரியந்தியின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளங்கையில் மறுபடியும் உதை. சின்னக் குதிகால் ஒன்று என் விரல்களைத் தேடித் தேடி அழுத்தியது.

“போடுங்க சிஸ்டர்,” அம்மாக்கண்ணு கிசுகிசுத்தாள். “அது அன்னைக்கே போயிருச்சு.”

போட்டேன்.

கைக்கடியில் உதை மெதுவாகியது.

நின்றது.

இரண்டாவது தடவையும் நானே. வாய்விட்டு அழுதேன்.

ஆனால் இரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மடத்து பிரிட்ஜில் இருந்த மருந்து கெட்டுப்போயிருக்க வேண்டும். இனி ஒரே வழிதான். பிள்ளை பால் குடித்தால் கருப்பை தானாக இறுகும்.

“புள்ளைய மார்ல போடுங்க!”

போட்டாள். பெண் பிள்ளை வாயே திறக்கவில்லை. கை கால் குளிர்ந்து கிடந்தது. அம்மாக்கண்ணு அதை நெஞ்சோடு அணைத்து, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பருகே ஓடினாள். பிரியந்தியின் மார்பைத் துணியால் மூடிவிட்டு நான் வயிற்றைப் பிசைந்தேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. அவள் உதடு வெளுத்துவிட்டது.

திடீரென்று என் கைக்குள் கருப்பை இறுகியது. தேங்காய் மாதிரி இறுகியது. இரத்தம் சொட்டாகி, நின்றுபோனது.

பிரியந்தியின் மார்பை மூடியிருந்த துணி அசைந்தது.

அதற்கடியில் சப்பும் சத்தம்.

அடுப்பருகே பெண் பிள்ளை வீரிட்டு அழுதது. உடம்பில் சூடு ஏறி, பசி வந்த அழுகை. அம்மாக்கண்ணு ஓடிவந்து பிள்ளையைத் தாயிடம் நீட்டினாள்.

பிரியந்தி கண்ணைத் திறக்கவில்லை. துணிக்கு மேல் கையை வைத்து மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

“கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்,” என்றாள். “இது இன்னும் விடல.”